சட்டைக்குள் ஒரு டப்பா

குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு விந்து மாதிரியை ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூடு குறையாமல் கொண்டுவர வேண்டும் என்று புதுச்சேரி மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அங்கேயே அதற்கு ஓர் அறை உண்டு, என் கணவருக்குத்தான் கூச்சம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து டப்பாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தார். முள்ளோடை தாண்டும்வரை கவலையில்லை. அரியாங்குப்பத்தில் நெரிசல். இவர் கடிகாரத்தைப் பார்க்க, நான் இவர் சட்டையைப் பார்க்க, 55ஆவது நிமிடம் கொடுத்தோம்.

ஸ்கேனில் ஃபாலிக்கிள், அதாவது முட்டை வளரும் பை, 19 மில்லிமீட்டர் வந்ததும், முந்தாநாள் இரவே முட்டை வெளிப்பட ஊசி போட்டிருந்தார்கள். விந்தைக் கழுவி, நன்றாக நீந்தும் அணுக்களைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியே கருப்பைக்குள் செலுத்துகிறார்கள். இதற்குப் பெயர்தான் ஐ.யு.ஐ. அவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கருத்தரிப்பு உடலுக்குள்ளேதான் நடக்க வேண்டும், அதனால் கருக்குழாயில் அடைப்பு இருக்கக் கூடாது. சோதனைக்குழாய்க் குழந்தை என்றே நினைத்திருந்த மாமியாருக்கு இதை மூன்று முறை விளக்கினேன். “இதற்கா இவ்வளவு பயந்தாய்?” என்றார்.

கர்ப்பச் சோதனைக்கு 14 நாள் பொறுக்கச் சொன்னார்கள். அவசரப்பட்டால் அந்த ஊசியின் ஹார்மோனே இரண்டு கோடு காட்டி ஏமாற்றுமாம். நான் பத்தாம் நாளே பார்த்தேன். ஏமாற்றக்கூட இல்லை, ஒரே கோடு. 14ஆம் நாளும் அதே.

அடுத்த மாதம் அந்த அறைக்கே போவதாக இவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.