எஸ்எஸ்டி போகவில்லை, டீச்சர்

"அண்ணா, ஓஎஸ் போயிடுச்சு. புதுசா போட்டுக் குடுங்க. உள்ள ஒண்ணும் இல்ல, வாங்கி ரெண்டு மாசம்தான் ஆகுது."

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்த பையன் லேப்டாப் பையை மேசைமேல் வைத்துவிட்டு இதைத்தான் சொன்னான். லேப்டாப் அவன் அத்தையுடையது. அத்தை மலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாங்கியதிலிருந்தே மெதுவாக ஓடுகிறது என்று இவனே பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, மறுபடி போடப் பார்த்திருக்கிறான். பாதியில் நின்றுவிட்டது. இப்போது ஆன் செய்தால் நீலத் திரை வந்து, பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு தன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது.

சேலம் ஐந்து ரோடு பக்கம் சர்வீஸ் வேலை பார்க்கும் எனக்கு ஓஎஸ், அதாவது விண்டோஸ் போடுவது அன்றாட வேலை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வேலைக்கு வந்தவன் நான். வைரஸா, மெதுவா, திரை உறைகிறதா, எதற்கும் "ஃபார்மேட் அடிச்சுடலாம்" என்றுதான் அன்று கற்றுக்கொண்டோம். முக்கால்வாசி நேரம் அது பலித்தும் விட்டது. உள்ளே ஒன்றும் இல்லை என்று பையன் சொன்ன பிறகு எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பென்டிரைவைச் செருகி ஆரம்பித்தேன்.

எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில், லேப்டாப்பின் சேமிப்பகமான எஸ்எஸ்டி தெரிய வேண்டிய டிரைவ் பட்டியல் காலியாக இருந்தது. அதைப் பிரித்துவைத்த பகுதிகளான பார்ட்டிஷன் ஒன்றுகூட இல்லை. வேறு பென்டிரைவ், வேறு போர்ட், எதை மாற்றினாலும் அதே காலித் திரை. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்த அவசரத்தில் டீச்சருக்குப் போன் போட்டேன்.

"எஸ்எஸ்டி போயிருக்கும்னு நினைக்கிறேன் டீச்சர். வாரண்டியில மாத்திக்கலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார். மலையில் சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் குறைந்த பிறகுதான் நிதானமாக பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன்பே ஓடும் அமைப்புத் திரைக்குள் போனேன். அங்கே 512 ஜிபி எஸ்எஸ்டி தன் பெயரோடும் அளவோடும் நின்றது. செத்துப்போன எஸ்எஸ்டி பெரும்பாலும் இப்படித் தலைகாட்டாது. அதற்குக் கீழே விஎம்டி என்ற அமைப்பு ஆன் ஆகியிருந்தது. விஷயம் அப்போதுதான் புரிந்தது.

இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசசரிலிருந்து வந்த பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி இந்த விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதனோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் விண்டோஸ் இன்ஸ்டாலரில் இல்லையென்றால் எஸ்எஸ்டி அதன் கண்ணில் படாது. ஏற்காட்டுக்குக் கோரிமேடு மலைப்பாதை மட்டும் தெரிந்தவர், மழையில் மண் சரிந்து அது மூடியிருந்தால் திரும்பி வந்துவிடுவார். குப்பனூர் வழி தெரிந்தவர் போய்ச் சேர்ந்துவிடுவார். ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. எக்ஸ்பி போடும்போதும் சில மெஷின்களில் எஃப்6 அழுத்தி, ஃபிளாப்பியிலிருந்து கன்ட்ரோலர் டிரைவரை ஏற்றியிருக்கிறேன். அதே விஷயம்தான் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. நடுவில் பல வருடம் அது தேவைப்படாததால் மறந்தே போயிருந்தேன்.

லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை இறக்கினேன். அது இஎக்ஸ்இ கோப்பாக வரும். அப்படியே பென்டிரைவில் போட்டால் இன்ஸ்டாலர் சீந்தாது. பிரித்து, ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். காட்டியதும் பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்து நின்றன. அடுத்து ஒவ்வொன்றாக டெலீட் அடிப்பதுதான் வழக்கம். கை அங்கே போயும் விட்டது. ஆனால் எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று டீச்சரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. தப்பான சேதியைச் சொன்னவன் நான்தானே.

"எஸ்எஸ்டி போகல டீச்சர், நல்லா இருக்கு. அழிச்சுட்டுப் புதுசா போட்டுடட்டுங்களா?"

"அழிச்சாத்தான் ஆகுமா தம்பி?"

போன் நிறைந்துவிட்டதென்று அதிலிருந்த படங்களையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, போனில் அழித்திருக்கிறார். மூன்று வருடப் படங்கள். ஆண்டு விழா, அறிவியல் கண்காட்சி, படித்து முடித்து மலையைவிட்டுப் போன பிள்ளைகள். காலையில் அவர் பேசாமல் இருந்தது சிக்னலால் இல்லை. இரண்டு மாத லேப்டாப்பில் என்ன இருந்துவிடப் போகிறது என்று பையனும் நினைத்தான், நானும் நினைத்தேன். பழைய ஹார்டுடிஸ்க்கில் தவறி அழித்தால்கூட ரெக்கவரி போட்டு ஓரளவு மீட்டுவிடலாம். பிட்லாக்கர் பூட்டிய எஸ்எஸ்டியில் பார்ட்டிஷனை அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் அந்தப் படங்கள் போனது போனதுதான். ஒரு பட்டன் தூரத்தில் இருந்தேன் என்பது இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது.

இன்ஸ்டாலரை மூடினேன். இப்போது வேண்டியது மீட்பு எண். விண்டோஸ் 11 வரும் பல புது லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்ததும் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். எண் அந்தக் கணக்கில் இருக்கும். டீச்சருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. விற்ற கடையில் ஒரு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. வாங்குகிறவர் கையில் அதை எழுதிக் கொடுக்காமல் அனுப்புவது, வீட்டை விற்றுவிட்டுச் சாவியைத் தராமல் போவது போலத்தான். இதில் எனக்குக் கோபம் உண்டு.

பையனைப் போனில் பிடித்தேன். திட்ட மாட்டேன், என்னென்ன மாற்றினாய் என்று மட்டும் சொல் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். மெஷின் கிளம்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் செக்யூர் பூட்தான் டிரைவ் தெரியாததற்குக் காரணமாக இருக்கும் என்று அதை ஆஃப் செய்திருக்கிறான். டிபிஎம்மைத் தொட்டாயா? இல்லண்ணா. எனக்கு உயிர் வந்தது.

பூட்டைத் திறக்கும் சாவியை டிபிஎம் சிப் காத்துவைத்திருக்கும். மெஷின் கிளம்பும் நிலை முன்பு இருந்தபடியே இருந்தால்தான் அதைக் கொடுக்கும். செக்யூர் பூட் மாறியதும் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று நிறுத்திக்கொண்டது. பழுது எதுவும் இல்லை, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்தேன், பென்டிரைவை உருவினேன், பவர் பட்டனை அழுத்தினேன். நீலத் திரை வரவில்லை. வெள்ளைப் புள்ளிகள் சுற்றின. டீச்சரின் பெயர் வந்தது.

லேப்டாப் மெதுவாக ஓடியதற்குக் காரணம், கூடவே வந்த இலவசச் சோதனை ஆன்டிவைரஸும் ஆன் செய்ததுமே தானாக ஓடும் நாலைந்து புரோகிராம்களும்தான். அவற்றை எடுத்ததும் சரியானது. ஓஎஸ் போடவே தேவை இருக்கவில்லை.

சனிக்கிழமை டீச்சரே பையனோடு வந்தார். படங்களை வெளி ஹார்டுடிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மீட்பு எண்ணைத் திரையில் வரவைத்து, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. எழுதி முடித்ததும் ஒரு விஷயம் சொன்னேன்: ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும், தப்பாக எழுதினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்துக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது. ஐந்தாவதில் நின்றார். திரையை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருந்தன. அடித்துத் திருத்திவிட்டு, நோட்டையும் பேனாவையும் பையன் பக்கம் தள்ளினார்.

"நீ இன்னொரு பிரதி எழுது. எழுதிட்டு, வகுத்துக் காட்டு."