போத்தியில் பிரியும் காகிதங்கள்

திருப்பூர் பின்னலாடைகளுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பது என் வேலை. ஜார்ஜியாவுக்குப் போகும் கன்டெய்னரும் ஆர்மீனியாவுக்குப் போகும் கன்டெய்னரும் கருங்கடல் ஓரத்துப் போத்தி துறைமுகத்தில்தான் இறங்கும். ஆர்மீனியாவுக்குக் கடல் கிடையாது. மிச்ச தூரம் லாரிதான்.

ஒரு காலத்தில் ஆர்மீனியாவில் இறக்குமதி வரி ஒன்று பூஜ்யம், இல்லையென்றால் 10 சதவீதம். 2015 ஜனவரி 2-ல் அந்த நாடு யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அந்தச் சுகம் போயிற்று. ரஷ்யா, கஜகஸ்தான், பெலாரஸோடு பொதுவான வரி அட்டவணை வந்தது. சில பொருளுக்கு மதிப்பில் சதவீதம், சிலதற்கு எடைக்கு இத்தனை யூரோ. நிகர எடை பற்றி வாங்குபவர்கள் கறாராகக் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அதற்கு முன்பு ஆர்மீனியா ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தையை 2013 ஜூலையில் முடித்திருந்தது. கையெழுத்துதான் பாக்கி. செப்டம்பர் 3 அன்று அதிபர் செர்ஷ் சர்க்சியான் மாஸ்கோவில் நின்றுகொண்டு ரஷ்யாவின் சுங்க ஒன்றியத்தில் (அதுதான் பிறகு யூரேசிய ஒன்றியமானது) சேரப்போவதாக அறிவித்துவிட்டார். ‘ரஷ்யா மிரட்டியது, பணிந்தார்கள்’ என்பார்கள். மிரட்டல் உண்டு. ஆனால் அன்று அஜர்பைஜான் எல்லை மூடிக் கிடந்தது, துருக்கி எல்லை 1993-லிருந்து மூடல், எரிவாயு ரஷ்யாவுடையது, ராணுவத் தளமும் ரஷ்யாவுடையது. அந்த டிசம்பரிலேயே ஆயிரம் கன மீட்டர் எரிவாயு 189 டாலருக்குக் குறைந்தது. இதில் தேர்வு என்று எவ்வளவு மிஞ்சும்?

வேடிக்கை என்னவென்றால், சேர்ந்த ஒன்றியத்தோடு ஆர்மீனியாவுக்கு ஒட்டிய எல்லையே இல்லை. ரஷ்யாவுக்கு லாரியில் போக ஜார்ஜியாவின் லார்ஸ் மலைப்பாதைதான். பனி கொட்டினால் லாரிகள் வரிசையில் நிற்கும்.

பக்கத்து வீடான ஜார்ஜியா 2014-ல் ஐரோப்பாவோடு ஒப்பந்தம் போட்டது. அவர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்று சொல்லிவிடலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 2006-ல் ரஷ்யா அவர்கள் ஒயினைத் தடை செய்தது. 2008-ல் போரே நடந்துவிட்டது. அடியை ஏற்கெனவே வாங்கி, வேறு சந்தை தேடப் பழகியவர்களை மிரட்டுவதற்குக் கையில் பெரிதாக என்ன மிச்சமிருக்கும்?

ஆர்மீனியா ரஷ்யா பக்கம், ஐரோப்பா பக்கம் இரண்டிலும் இருக்கக் கூடாதா என்று அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பையன்கள் கேட்பார்கள். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் எத்தனை நாட்டோடும் போட்டுக்கொள்ளலாம். சுங்க ஒன்றியம் கூட்டுக்குடும்பம் மாதிரி. வெளியாளுக்கு என்ன சலுகை என்பதைத் தனியாக முடிவு செய்ய முடியாது. அதனால்தான் 2017-ல் ஆர்மீனியா ஐரோப்பாவோடு போட்ட புது ஒப்பந்தத்தில் வரிச் சலுகை மட்டும் இல்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியைத் தொடங்க ஆர்மீனிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இரண்டு படகு சரிவராது என்று மாஸ்கோ சொல்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் யூரேசிய ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தகம் பேச, எதையெல்லாம் பேசுவது என்று சொல்லும் வரையறை ஆவணத்தில் இந்தியா கையெழுத்திட்டது. அந்தப் பேச்சு முடிந்தால் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்குப் போகும் சரக்குக்கும் வரி குறையுமா என்று ஏற்றுமதியாளர்கள் இப்போதே கேட்கிறார்கள். ஒன்றியத்துக்குள் இருக்கும்வரை, ஒத்துக்கொள்ளும் பொருட்களுக்குக் குறையும் என்கிறேன். அதற்கு மேல் ஆர்மீனியாவை மட்டும் நம்பி நீண்ட கால விலை பேச வேண்டாம் என்றும் சொல்லிவைக்கிறேன்.