பிளாஸ்டர் சிலையா? முதலில் முதுகைப் பாருங்கள்

ஏலப் பட்டியலில் 'ஜெர்மனி, 19ஆம் நூற்றாண்டு, பிளாஸ்டர்' என்று ஒரு மார்பளவுச் சிலை வந்தால் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். விஷயம் முதுகிலும் அடிப்புறத்திலும் இருக்கிறது.

பிளாஸ்டர் என்றாலே மலிவு நகல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். சிற்பி களிமண்ணில் உருவம் பிடிப்பார். அது காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் உடனே பிளாஸ்டரில் வார்த்துவிடுவார். பளிங்குச் சிலை பிறகு, பெரும்பாலும் உதவியாளர்களின் உளியில் வருவது. பெர்லின் சிற்பி ஷாடோவின் இளவரசியர் இருவர் சிலையில் பிளாஸ்டர் 1795இல் முடிந்தது, பளிங்கு 1797இல்.

ஆனால் அதே உருவங்கள் விற்பனைக்கும் ஏராளமாக வார்க்கப்பட்டன. 1820 ஆகஸ்டில் யேனா நகரில் கவிஞர் கதேயை நேரில் பார்த்துச் சிற்பி ரவுஹ் செய்த தலை அப்படிப் பரவியதுதான். 1819இல் தொடங்கிய பெர்லின் அரச வார்ப்பகம் பழைய அச்சுகளோடு இன்றும் இயங்குகிறது. ஆகவே 'ரவுஹ், 1820' என்று எழுதியிருந்தால் அது உருவம் பிறந்த ஆண்டு. வார்த்த ஆண்டு அல்ல.

பிரித்தறிய ஒரு டார்ச் போதும். பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சுங்கள். காதுக்குப் பின்னால், தாடைக்கடியில் மெல்லிய மேடுகள் வலைபோல ஓடினால் அது துண்டு அச்சில், அதாவது பல துண்டுகளாகக் கழற்றி மீண்டும் பயன்படுத்தும் அச்சில், வார்த்த பிரதி. முதல் வார்ப்பில் இந்தக் கோடுகள் இருக்காது. அங்கே அச்சையே உளியால் கொத்தி உடைத்து எடுப்பார்கள். சிலை நெருங்கிவிட்டதென்று தெரிய அச்சின் உள்பூச்சில் காவி போன்ற நிறம் கலப்பது வழக்கம். மடிப்புகளில் அந்த நிறத் துளியோ, உளி சறுக்கிய கீறலோ தெரிந்தால் கவனியுங்கள். நெற்றியிலும் தோளிலும் சிறு ஆணிகள், பென்சில் சிலுவைகள் இருந்தால் இன்னும் நல்லது. அவை பளிங்குக்கு அளவெடுத்த புள்ளிகள். அழுக்கு என்று நினைத்து இவற்றைச் சுரண்டிச் 'சுத்தம்' செய்த சிலைகளைப் பார்த்தால் மனம் வலிக்கும்.

பிரதியா என்று அறிய அளவு டேப்பை நம்ப வேண்டாம். வெண்கலம் ஆறும்போது சுருங்கும், அதனால் மறுவார்ப்பு சிறுத்துப்போகும். பிளாஸ்டரோ இறுகும்போது சற்றே உப்பும், 60 செ.மீ. சிலையில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதைவிடக் கண்ணோரமும் முடிச்சுருளும் மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சணல் துணி வைத்து வார்த்திருந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்பதைச் சந்தேகியுங்கள்.

பழுப்புக் கறை ஆபத்து. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்து, பிளாஸ்டரை உள்ளிருந்தே பிளக்கும். நகத்தால் மெல்லத் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக வந்தால் அங்கே விரிசல் இருக்கலாம்.

ஈரத்துணி கூடவே கூடாது. இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம்தான், ஒரு லிட்டர் தண்ணீரில் அது சுமார் 2 கிராம் கரையும். துடைக்கத் துடைக்க மேல்தோல் போகும், அழுக்கு உள்ளே இறங்கும். மென்மையான தூரிகை மட்டும் போதும்.

ஜெர்மன் பட்டியலில் சிற்பியின் பெயருக்கு முன் 'நாஹ்' என்றிருந்தால் 'அவரது படைப்பைப் பார்த்துச் செய்தது' என்று பொருள். ஏலம் கேட்கும் முன் அடிப்புறப் படமும், பக்கவொளியில் எடுத்த படமும் கேட்டு வாங்குங்கள். ஏலத்தொகைக்கு மேல் 'அவுஃப்கெல்ட்' என்ற கட்டணமும் உண்டு, அதையும் சேர்த்தே வரம்பு வையுங்கள். தூக்கும்போது கழுத்தைப் பிடிக்காமல் பீடத்துக்கடியில் இரண்டு கைகளையும் கொடுங்கள். பெட்டிக்குள் மூக்கின்மேல் எதுவும் அழுத்தக் கூடாது.