ராமச்சந்திரன் வரைபடத்துக்கு எத்தனை மேற்கோள்கள்?

ஆய்வுக்கட்டுரைகளையும் அவை பெறும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோப்பஸ் தளத்தின் தரவுகளைக் கொண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஆண்டுதோறும் தயாரிக்கும் பட்டியல் வெளிவந்ததும், உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகளில் எங்கள் பேராசிரியர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள் என்று நம் கல்லூரிகள் மகிழ்ச்சியோடு அறிவிக்கின்றன. அந்த மகிழ்ச்சியில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பட்டியலைத் தயாரித்தவர்கள் காட்டும் எச்சரிக்கை நம் செய்திகளில் வருவதில்லை. அறிவியலை 22 துறைகளாகவும் 170க்கும் மேற்பட்ட உட்துறைகளாகவும் பிரித்து, ஒருவரை அவருடைய உட்துறையைச் சேர்ந்தவர்களோடு ஒப்பிடும் ஏற்பாட்டை அவர்கள் செய்திருக்கிறார்கள். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதையும் தனியே கழித்துக் காட்டுகிறார்கள்.

இந்தப் பிரிவினை ஏன் தேவைப்படுகிறது என்பதை எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷின் கட்டுரையே சொல்லிவிடுகிறது. ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20. அந்தக் கணக்கில் இயற்பியலின் உச்சியில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110. உயிரியலின் உச்சியில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. இருவரில் யார் பெரியவர் என்பதற்கு இந்த எண்கள் விடையாகா. உயிரியலில் ஆய்வாளர்களும் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் வரும் மேற்கோள்களும் அதிகம் என்பதையே அவை காட்டுகின்றன.

ஒரே மனிதர் பல துறைகளில் உழைத்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். புரதங்களின் அமைப்பைப் படிப்பவளாகிய எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் ஜி. என். ராமச்சந்திரன். சி. வி. ராமனிடம் பயின்று, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய சுருள் என்பதை 1954இலும் 1955இலும் நேச்சர் இதழில் எழுதினார். அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை உறுதியாகச் சொல்ல, அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளை ராமச்சந்திரன் துருவி ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியில் விளைந்ததுதான், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் மூலக்கூறு உயிரியல் ஆய்விதழில் வெளியிட்ட ஐந்தே பக்கக் கட்டுரை.

அதிலிருந்து பிறந்ததே ராமச்சந்திரன் வரைபடம். ஒரு சதுரக் கட்டம். புரதச் சங்கிலி முறுகும் இரண்டு கோணங்களில் கிடையச்சில் ஃபை, செங்குத்தச்சில் சை, இரண்டும் -180 முதல் 180 பாகை வரை. சங்கிலியின் ஒவ்வொரு அமினோ அமிலமும் அதில் ஒரு புள்ளி. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்காத, அதனால் அனுமதிக்கப்பட்ட சில திட்டுகளில் புள்ளிகள் மொய்த்துக் கிடக்க, மீதி இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். பக்கத்தொகுதி இல்லாத கிளைசின் என்னும் அமினோ அமிலம் மட்டும் பிறவற்றுக்கு மூடிய இடங்களிலும் தாராளமாக உலவும். கிளைசின் அல்லாத ஒரு புள்ளி வெளியே விழுந்தால் அந்த இடத்தை மீண்டும் பார்க்கத் தோன்றும். பெரும்பாலும் அமைப்பைப் பொருத்தியதில்தான் பிழை இருக்கும்.

உலகப் புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. ஒரு புரத அமைப்பை அங்கே சேர்க்கும்போது தரப்படும் சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழுந்த புள்ளிகளின் விகிதம் இடம்பெறுகிறது. ஆய்வுக்கட்டுரைகளின் அட்டவணையிலும் அதற்கென ஒரு வரி உண்டு. மேற்கோள் பட்டியலைப் புரட்டினால் 1963ஆம் ஆண்டுக் கட்டுரை பெரும்பாலும் இருக்காது. வரைபடத்தைப் போட்டுத் தந்த மென்பொருளின் கட்டுரை இருக்கும். 1993இல் வந்த ப்ரோசெக் அப்படிப் பல்லாயிரம் மேற்கோள்களைச் சேர்த்திருக்கிறது. மூலக் கட்டுரைக்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள் உண்டு என்றாலும், அதன் பயன்பாட்டோடு வைத்துப் பார்த்தால் அது சொற்பம். ஒரு கருத்து எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்ட பிறகு அதன் மூலத்தை யாரும் சுட்டுவதில்லை என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் முன்பே விளக்கியிருக்கிறார்.

புரதங்களை விட்டு ராமச்சந்திரன் உழைத்த இன்னொரு துறைக்குப் போனாலும் இதே கதைதான். ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்டெடுக்கும் விரைவான கணக்கு முறையை அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில்தான் லண்டனில் நோயாளி ஒருவருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அந்தக் கணக்கு முறையில் பயன்படும், இருவர் பெயரின் முதலெழுத்துகளால் 'ராம்-லாக்' என்று அழைக்கப்படும் வடிகட்டி, மேட்லாப் மென்பொருளின் உருமீட்புக் கட்டளையில் நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே இயங்கும். அதைப் பயன்படுத்தும் மாணவர் எவரையும் மேற்கோள் காட்ட வேண்டியதில்லை.

பதவி உயர்வு விண்ணப்பங்களில் எச்-குறியீட்டுக்கென்று இருக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில், விண்ணப்பிப்பவர் தாமே தெரிவுசெய்த இரண்டு கட்டுரைகளை இணைக்கவும் இடம் வேண்டும். தேர்வுக் குழுவில் அந்தத் துறையை அறிந்த ஒருவராவது அவற்றை முழுவதும் படித்திருக்க வேண்டும். 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்து முடிக்க அரை மணி நேரம் போதும்.