கங்கு வருமா

ஜூன் 4
வில்லின் கயிற்றில் சுற்றிய கோலை அடிப்பலகையில் கடைந்து நெருப்பு உண்டாக்கப் பழகுகிறேன். புகை வருகிறது. நெருப்பு வரவில்லை.

ஜூன் 5
நாள் முழுக்கப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பலகையில் குழியை ஒட்டி வெட்டிய பிளவில் விழும் பொடி வெளிறிய பழுப்பாக இருந்தால் சூடு போதவில்லை. கருகருவென்று விழ வேண்டும். “முதலில் சீராக இழு. வேகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்” என்றார் மாமா. நான் வெளியில் தனியாகத் தங்கப்போகும் இரவில் மாமா பக்கத்தில் இருக்க மாட்டார்.

ஜூன் 7
கட்டையை மாற்றினேன். நகத்தால் அழுத்தினால் தடம் பதிகிற, பிசின் இல்லாத மரம். கோலை மேலிருந்து அழுத்தும் பிடியின் குழியில் பச்சை இலையைக் கசக்கி வைத்ததும் கிறீச்சிடல் நின்றது. இப்போது சூடெல்லாம் கீழேதான். பொடி கறுக்கிறது!

ஜூன் 8
தோள் வலி. வில்லைத் தொடவில்லை, நார் திரித்தேன். இரண்டு புரியையும் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கம் சுற்ற வேண்டும். முறுக்குகள் எதிரெதிராக இழுப்பதால் கயிறு பிரியாது. புது நாரை இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்க்கக் கூடாது, அங்கேயே அறும். எவ்வளவு நிம்மதியான வேலை!

ஜூன் 9
தூக்கமில்லை. 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்த ஏட்சியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 5,000 ஆண்டுகளுக்கும் முந்தைய மனிதன். அவனிடம் இருந்த மரப்பட்டைப் பெட்டியில் மேப்பிள் இலையும் கரித்துண்டுகளும் கிடைத்தன. கங்கை இலையில் பொதிந்து கூடவே கொண்டுபோயிருக்கிறான். நெருப்பை உண்டாக்குவதைவிட அணையாமல் காப்பதுதான் பெரிய வித்தை போல. நான் இன்னும் முதல் படியிலேயே நிற்கிறேன்.

ஜூன் 11
வந்துவிட்டது. கடைவதை நிறுத்திய பிறகும் பொடிக்குவியல் தானாகப் புகைந்தது. கையால் மெல்ல விசிறினேன். உள்ளே ஊசிமுனையளவு சிவப்பு, அப்புறம் அது பரவியது. நார்ப்பந்தில் வைத்து மூடி, கீழிருந்து ஊதினேன். வெள்ளைப் புகை தடித்து, குப்பென்று பற்றியது. அழுகை வந்தது.

ஜூன் 12
சருகுக் குடில். ஆள் நுழைய மட்டும் இடம், மேலே ஒரு முழத்துக்கு மேல் சருகு. உள்ளே காற்று தங்கினால்தான் உடம்புச் சூடு நிற்கும். படுத்துப் பார்த்தேன், கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனால் நெருப்பில்லாமல் தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியாதே.

ஜூன் 13
விடிந்ததிலிருந்து மழை. நின்றபடியே காய்ந்த கிளையைப் பிளந்தால் உள்மரம் உலர்ந்திருக்கும் என்கிறார் மாமா. நாளையே போய் வெட்டிப் பார்த்துவிட வேண்டும்.