மேசைக்கடியில் ஒரு பழைய பெட்டி

கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோயம்புத்தூரில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் வேலந்தாவளம் வழியாக பஸ் பிடிப்பேன். மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே வேலை. ஊர் கேரளத்தில்தான், ஆனால் டீக்கடைப் பேச்சு தமிழ். "சாயாவா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாக்கியத்தைக் கடைக்காரர் தமிழில் தொடர்வார்.

கேமராப் படங்களை அலசும் சி++ லைப்ரரி ஒன்றை, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, எழுதினோம். பாலக்காட்டு வாடிக்கையாளர் மூலநிரலை வாங்கித் தம்முடைய உபுண்டு 20.04 (லினக்ஸ் வகை ஒன்று) கணினியில் கட்டிக்கொண்டார். மறுநாள் அங்கிருந்த சித்தூர்த் தம்பி அழைத்தான்: "அண்ணா, லைப்ரரி பில்ட் ஆகிவிட்டது. எங்கள் புரோகிராம்தான் லிங்க் ஆக மாட்டேன் என்கிறது. த்ரெட் உருவாக்கும் ஃபங்ஷன் கிடைக்கவில்லையாம்." கட்டிய துண்டுகளை ஒன்றாக இணைப்பதுதான் லிங்க்; ஒரே புரோகிராமுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் வேலை ஒவ்வொன்றும் ஒரு த்ரெட்.

"என் லேப்டாப்பில் ஓடுகிறதே" என்றேன். இதைச் சொல்லாத புரோகிராமர் உண்டா!

அந்தப் பிடிவாதத்தில் அரை நாள் போனது. லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் அடிப்படை சி லைப்ரரி ஜிலிப்சி. 2021 ஆகஸ்டில் வெளியான அதன் 2.34 பதிப்பில், த்ரெட்டுகளுக்காகத் தனியாக இருந்த பித்ரெட் லைப்ரரியை முதன்மை லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். என் லேப்டாப் அதற்குப் பிந்தியது. பித்ரெட் வேண்டும் என்று நான் எழுத மறந்ததை அது கண்டுகொள்ளவே இல்லை. உபுண்டு 20.04-இல் இருப்பதோ 2.31. அங்கேயும் எங்கள் லைப்ரரி மட்டும் சத்தமில்லாமல் உருவாகிவிட்டது. எங்களுடையதைப் போல, ஓடும்போது புரோகிராமோடு சேரும் ஷேர்டு லைப்ரரியில் விடைதெரியாத பெயர்கள் இருந்தாலும் லிங்கர் வழக்கமாகக் கேட்பதில்லை. தவறு என்னுடையது, பிழைச்செய்தி வந்தது தம்பியின் திரையில்.

பில்டை நடத்தும் கருவியான சிமேக்கில் த்ரெட்ஸைத் தேடி இணைக்க இரண்டே வரி. அதையும் முதலில் எங்கள் லைப்ரரிக்கு மட்டும் என்று இணைத்து, மீண்டும் திட்டு வாங்கினேன். த்ரெட் தொடங்கும் வரிகள் எங்கள் ஹெடர் கோப்பிலேயே (புரோகிராம்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் கோப்பு) இருந்ததால், பயன்படுத்துபவரின் புரோகிராமுக்கும் அந்த இணைப்பு போய்ச் சேர வேண்டியிருந்தது.

அடுத்த அடி, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இருந்த கண்டெய்னரில், அதாவது மூடிய தனிச் சூழலில், விழுந்தது. செய்தியே இல்லை, புரோகிராம் செத்துக் கிடந்தது. ஒரு ஃபங்ஷனுக்குள் 256 கேபி வரிசை ஒன்றை நேராக ஸ்டாக்கில், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அளவாக ஒதுக்கப்படும் நினைவகத்தில், வைத்திருந்தேன். என் லேப்டாப்பில் ஒரு த்ரெட்டுக்கு 8 எம்பி ஸ்டாக், மேக்கில் 512 கேபி, இரண்டிலும் தப்பித்தது. ஆல்பைனில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருக்கும் மசல் தருவது 128 கேபிதான். சி++ தரும் த்ரெட்டில் ஸ்டாக் அளவைக் கேட்டு வாங்க வழியும் இல்லை. வரிசையை, ஸ்டாக்குக்கு வெளியே இடம் பிடிக்கும் வெக்டராக மாற்றினேன்.

அதன் பிறகு பழைய உபுண்டுவோடு ஒரு கணினிப் பெட்டியை மேசைக்கடியில் வைத்திருக்கிறேன். எதையும் முதலில் அதில் கட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புகிறேன். அதன் விசிறி போடும் இரைச்சலில் சமையலறை வரை பேச்சு கேட்பதில்லை. பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரர் தெருவில் கூவும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்க்கிறார்.