மருத்துவராகும் முன் ஆட்டுக்கொட்டிலில் மூன்று வாரங்கள்

சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடி வீடொன்றில் வளர்ந்தவள் நான். அந்த வீடுகளில் பூனை வளர்க்கக் கூடாது என்ற தடையே 2024 செப்டம்பரில்தான் நீங்கியது. பன்றிப் பண்ணைகளை 1980களிலேயே மூடத் தொடங்கிவிட்ட ஊர் அது. எனவே கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படித்தான் 2017இல் கிளாஸ்கோவுக்குப் போனேன். அதுவரை நான் தொட்ட கால்நடைகள், சிவகங்கைப் பக்கம் அப்பத்தா வீட்டு முற்றத்தில் கட்டிக் கிடந்த நான்கைந்து வெள்ளாடுகள் மட்டுமே.

பிரிட்டனில் அப்போது கால்நடை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறைக் காலங்களில் மொத்தம் 38 வாரங்கள் கல்லூரிக்கு வெளியே வேலை பழக வேண்டும் என்பது விதி. அவற்றுள் 26 வாரங்கள் மருத்துவமனைகளிலும் மருத்துவர்களோடும் கழியும். அவற்றுக்கு முன்னதாக வரும் 12 வாரங்களில் மருத்துவத்துக்கே இடமில்லை. பண்ணையில் கூலியாளைப் போலச் சாணம் அள்ளி, தீவனம் போட்டு, குட்டி எடுக்க வேண்டும். இது வெறும் சடங்கு என்றுதான் நானும் என் வகுப்புத் தோழர்கள் பலரும் முதலில் நினைத்தோம். ஆட்டுக்காரர் எந்த நேரத்தில் மருத்துவரைக் கூப்பிடுகிறார், எப்போது கூப்பிடாமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்பதை அவர் பக்கத்தில் நின்று பார்க்காதவர் பின்னாளில் அவருக்கு எந்த ஆலோசனையும் சொல்ல முடியாது என்பது எனக்கு அந்த 2018ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில்தான் விளங்கியது.

வேல்ஸின் நடுப்பகுதியான பொவிஸில், குட்டி ஈனும் பருவத்துக்கு ஆள் வேண்டுமென்று கேட்டிருந்த ஒரு பண்ணையில் மூன்று வாரங்களுக்கு இடம் கிடைத்தது. தொலைபேசியில் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆட்டுக்குக் குட்டி எடுக்கவா இம்புட்டுக் காசு கட்டி உன்னய அங்கிட்டு அனுப்பிருக்கான் ஒங்கப்பன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

புறப்படுமுன் கல்லூரி கேட்ட முதல் கேள்வி, அண்மையில் வேறு நாட்டில் எந்தக் கால்நடையின் அருகிலாவது போனாயா என்பது. டிசம்பரில் சிவகங்கைக்குப் போய் வந்திருந்தேன். நம் ஊர்களில் கோமாரி ஓயாமல் சுற்றும் நோய். பிரிட்டனிலோ 2001இல் வந்த கோமாரியை அடக்க அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். வெளிநாட்டிலிருந்து கள்ளத்தனமாக வந்த இறைச்சி, பன்றித் தீவனமான உணவகக் கழிவில் கலந்ததால் அது தொடங்கியிருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. அதனால் பழைய செருப்பு, காலணி எதையும் எடுத்துப் போகாமல், புதிய ரப்பர் பூட்ஸும் மேலங்கியும் அங்கேயே வாங்கிக்கொண்டேன். அம்மா ஆசையோடு பெட்டியில் வைத்த நெய்ப் புட்டியையும், பால் பொருள் கொண்டு போகக் கூடாது என்று சொல்லி, சாங்கி விமான நிலையத்திலேயே திருப்பிக் கொடுத்திருந்தேன். அந்த வருத்தம் அம்மாவுக்கு இன்றும் உண்டு.

அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியிலும் மார்ச் நடுவிலும் பெரும்பனி கொட்டியிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வேலியோரங்களில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. அறுநூறு செம்மறிகள், எல்லாம் நிறைசினை. ஸ்கேன் பார்த்து, ஒற்றைக் குட்டி, இரட்டை, மூன்று என்று முதுகில் தனித்தனி நிறச் சாயம் அடித்து, தீவன அளவைப் பிரித்துக் கொட்டிலில் அடைத்திருந்தார்கள். எனக்கு ஒரு கேரவன், சாப்பாடு, இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரையான காவல். சம்பளம் கிடையாது, ரயில் செலவும் என்னுடையதே. பண்ணைக்காரரின் மருமகள் அப்போது கருவுற்றிருந்தார். ஆடுகளில் கருச்சிதைவு உண்டாக்கும் சில கிருமிகள் கருவுற்ற பெண்களையும் தாக்கும் என்பதால் அவர் கொட்டில் பக்கமே வரவில்லை. என் மேலங்கிகளும் வீட்டுத் துணிகளோடு சேராமல், வெளிச்சாய்ப்பில் இருந்த வேறொரு சலவை இயந்திரத்தில்தான் வெளுக்கப்பட்டன.

முதல் நான்கு இரவுகள் எனக்குச் சொல்லப்பட்ட வேலை, பார்ப்பது மட்டுமே. எந்த ஆடு கூட்டத்தை விட்டு மூலைக்குப் போகிறது, எது தரையைக் காலால் பறிக்கிறது, எது பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் முக்கிக்கொண்டே கிடக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். ஐந்தாம் இரவில், "உன் கை சிறியது, நீ பார்" என்று பண்ணைக்காரர் ஒரு ஆட்டின் பின்னால் என்னை மண்டியிட வைத்தார். முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும் சேர்ந்து வந்தால் இயல்பான பிறப்பு. அதில் நம் வேலை எதுவும் இல்லை. இங்கே விரல்களுக்குத் தட்டுப்பட்டவை மூன்று கால்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு காலைப் பிடித்து மேல்நோக்கித் தடவினால், முதல் இரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்குவது முன்னங்கால், எதிரெதிராக மடங்குவது பின்னங்கால். அந்தக் காலைத் தொடர்ந்தே தோள் வரை போய், அங்கிருந்து கழுத்து, தலை, மறு தோள் என்று வந்தால்தான் இரண்டு கால்களும் ஒரே குட்டியுடையவை என்று உறுதியாகும். இல்லாவிட்டால் இரட்டையரில் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து இருவரையும் கொன்றுவிடுவோம். பாடநூலில் இதைப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். சளியும் சூடும் நிறைந்த இருட்டுக்குள், தாயின் முக்கலில் மணிக்கட்டு நெரிபடும்போது அந்தப் படம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நினைவில் நின்றது பண்ணைக்காரரின் குரல் மட்டும். முதல் குட்டியின் மூக்கில் வைக்கோல் துரும்பை நுழைத்தார். அது தும்மி மூச்சு விட்டது.

ஒன்பதாம் நாள் விடியலில் நான் செய்த தவற்றை இங்கே எழுதியாக வேண்டும். முந்தின மாலை பிறந்த இரட்டையரில் ஒன்று தாயின் பின்புறம் விறைத்துக் கிடந்தது. வாய்க்குள் விரலை வைத்தேன், சில்லென்று இருந்தது. குட்டிக்குக் குளிர்ந்துவிட்டது, சூடேற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் அள்ளிக்கொண்டு ஓடிச் சூட்டு விளக்கின் கீழ் வைத்துவிட்டுப் பெருமையோடு நின்றேன். அரை மணி நேரத்தில் அதற்கு வலிப்பு வந்தது. பண்ணைக்காரர் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார்: "பிறந்து எத்தனை மணி நேரம்? உடல் சூடு பார்த்தாயா?" இரண்டுக்கும் விடை தெரியாமல் நின்றேன்.

காரணத்தைப் பிறகு சமையலறையில் அவர் மனைவிதான் தேநீரோடு விளக்கினார். பிறக்கும் குட்டி உடலில் கொஞ்சம் பழுப்புக் கொழுப்போடு பிறக்கிறது. ஏறத்தாழ முதல் ஐந்து மணி நேரத்துக்கு அதை எரித்துச் சூட்டைத் தக்கவைக்கும். அதற்குள் சீம்பால் வயிற்றுக்குப் போகாவிட்டால் கையிருப்புத் தீர்ந்துவிடும். அந்த நிலையில் உடலை மட்டும் சூடாக்கினால் மூளை சர்க்கரை கேட்கும், கொடுக்க எதுவும் இருக்காது, வலிப்பில் செத்துவிடும். ஆகவே ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட குட்டிக்கு உடல் சூடு 37 பாகைக்குக் கீழே இறங்கி, தலையைத் தூக்கவும் முடியாமல் கிடந்தால், முதலில் 20 சதவீதக் குளுக்கோஸை வெதுவெதுப்பாக, எடையில் கிலோவுக்கு 10 மில்லி என்ற கணக்கில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். சூடேற்றுவது அதற்குப் பிறகு. நான்கு கிலோக் குட்டிக்கு 40 மில்லி. சீம்பாலுக்கும் கணக்கு உண்டு: பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி, முதல் நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 200 மில்லி. அன்று மதியமே ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அந்த வலிப்பில் செத்த குட்டியைப் பண்ணைக்காரர் வீணாக்கவில்லை. வேறொரு பட்டியில் மூன்று குட்டிகள் ஈன்ற தாயிடம் இரண்டு குட்டிகளுக்கே பால் போதுமாக இருந்தது. கத்தியால் கழுத்திலும் கணுக்கால்களிலும் வட்டமாக அறுத்து, செத்த குட்டியின் தோலைச் சட்டை கழற்றுவது போல உரித்து, மூன்றாவது குட்டிக்கு மாட்டி, அதைச் செத்த குட்டியின் தாயிடம் விட்டார். கால்களை நுழைக்க நான்கு ஓட்டைகள். வால் அப்படியே இருந்தது, ஏனெனில் தாய் முகர்ந்து பார்ப்பது அங்கேதான். குட்டி இழந்த ஆடு முகர்ந்தது, ஒருமுறை முட்டித் தள்ளியது, மறுபடி முகர்ந்தது, பிறகு மடியை விட்டுக்கொடுத்தது. இரண்டு வால்களும் ஒன்றாக ஆடின. மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கத் தொடங்கியதும் தோலைக் கழற்றினோம். அதற்குள் புதிய குட்டியின் வாசனை தாய்க்குப் பழகியிருந்தது. இதை அப்பத்தாவிடம் விவரித்தபோது அவர் வியக்கவில்லை. "கன்னு செத்துப்போனா நம்மூர்லயும் தோலுக்குள்ள வைக்கல அடச்சு மாட்டுக்கு முன்னால நிப்பாட்டுவாக. அது பால் கறக்கச் செய்யிற ஏமாத்து. அந்த வெள்ளக்காரன் இன்னொரு குட்டிக்குல்ல பாலு குடுக்க வைக்கிறான், பரவால்ல" என்றார்.

பதினாறாம் நாள் ஒரு பெரிய குட்டி இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டது. வயிற்றைக் கீறி எடுத்தால் தாயும் குட்டியும் பிழைக்கலாம். ஆனால் நள்ளிரவில் மருத்துவர் வரும் செலவு அந்த ஆட்டின் சந்தை விலையைத் தாண்டிவிடக்கூடும். பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். இளம் ஆடு, இன்னும் நான்கைந்து ஆண்டு ஈனும் என்று முணுமுணுத்துக்கொண்டு மருத்துவரை அழைத்தார். அதுவே கிழடாக இருந்திருந்தால் அழைத்திருக்க மாட்டார் என்பதை மறைக்கவும் இல்லை. இத்தனைக்கும் சாகும் ஒவ்வொரு குட்டிக்கும் வருந்துகிறவர் அவர். அந்த வாசல் நிமிடத்தைக் கல்லூரியின் எந்த வகுப்பிலும் நான் கண்டதில்லை.

இப்போது விலங்குகளோடு வேலை பழக விரும்பும் இளையவர்கள் எனக்கு எழுதும்போது பலருடைய கண் இன்னும் தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டும் விளம்பரங்கள் மீதே இருக்கிறது. பெரும் பணம் கட்டிப் போகும் அத்தகைய இடங்கள் பலவற்றில் குட்டிகளைத் தாயிடமிருந்து வேண்டுமென்றே பிரிக்கிறார்கள்; வளர்ந்த பிறகு அவை வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கோ எலும்பு வணிகத்துக்கோ போய்ச் சேரக்கூடும். சிங்கங்களை அடைத்துப் பெருக்கும் தொழிலை முடிவுக்குக் கொண்டுவர வேண்டுமென்று அந்நாட்டு அரசு அமைத்த குழுவே 2021இல் பரிந்துரைத்தது. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகாவிட்டால் அந்த இடத்தில் அன்றைக்கு எந்த வேலையாவது நின்றுபோகுமா? பொவிஸில் நான் தூங்கிப்போயிருந்தால் விடிவதற்குள் குட்டிகள் செத்திருக்கும்.

கடைசி நாள் பண்ணைக்காரர் கல்லூரிப் படிவத்தைச் சமையலறை மேசையில் வைத்து நிரப்பினார். 'நோயுற்ற விலங்கை அடையாளம் காணும் திறன்' என்ற இடத்தில் நடுக்கட்டத்தில் குறியிட்டார். அது நியாயம்தான். அன்றிரவு அப்பத்தாவை அழைத்து வேலை முடிந்தது என்று சொன்னேன்.

"கூலி எம்புட்டுக் குடுத்தாக?"

"கூலியெல்லாம் இல்ல அப்பத்தா. படிப்புக்காகப் போறது."

"எங்க காலத்துல ஆடு மேய்க்கிற பயலுக்குக் கூலியோட ஒரு குட்டி குடுப்பாக. அதாச்சும் குடுத்தானா?"